குறையாத இலை

ஏப்ரல் 3, புதன்

குழந்தை டாக்டர் ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். கீர்த்தனா என்ன சாப்பிட்டாள், எதைத் தள்ளினாள், எத்தனை வாய், எல்லாவற்றையும் தினமும் எழுத வேண்டுமாம். மருந்துக் கடையில் பதினோரு வருஷம் பில் போட்டவள் நான். பட்டியல் எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

வயது ஐந்தரை. எடை பதினாலு கிலோ இருநூறு. "பதினெட்டாவது இருக்கணும்மா" என்றார் டாக்டர். இப்படியே இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஊட்ட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு என் கழுத்துப் புதுக் கயிற்றைப் பார்த்தார். "நீங்க...?" என்று இழுத்தார். "ரெண்டாம் தாரம்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

சாப்பிடுவது மொத்தம் ஆறு: தோசை, பூரி, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிஸ்கட், பால்.

சாப்பிடாதது: உலகத்தில் மிச்சம் இருக்கிற எல்லாம். கோவில்பட்டியில் பிறந்துவிட்டுக் கடலைமிட்டாயைத் தொடாத பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவள் அம்மா தங்கேஸ்வரி போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. மஞ்சள் காமாலை. "அதுக்கு முன்னாடி எல்லாம் சாப்பிடுவா. கத்திரிக்காய்னா உசிரு" என்கிறார் இவர். அதற்கு மேல் கேட்டால், டெப்போவுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுக்கிறார். பஸ் இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்த மனிதருக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

டாக்டர் சொன்ன முறை: கட்டாயப்படுத்தக் கூடாது. ஆசை காட்டக் கூடாது. தெரிந்த சாப்பாட்டுக்குப் பக்கத்தில் தெரியாதது ஒரு துண்டு வைக்க வேண்டும். நாமும் கூட உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும். பத்து தடவை தள்ளினாலும் பதினோராவது தடவை வைக்க வேண்டும்.

தோசைக்குக் கேரட்டில் கண்ணும் மூக்கும் வைத்தேன். கீர்த்தனா கண்ணையும் மூக்கையும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு முகத்தை மட்டும் சாப்பிட்டாள். கோபமே இல்லை. ரொம்ப மரியாதையாகத்தான் செய்தாள். அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள்.

ஏப்ரல் 8, திங்கள். அமாவாசை

அடுத்த தெருவில் இருக்கிற பேச்சியம்மாள் மதினி, இவருடைய அக்கா, காலையிலேயே வந்துவிட்டார். தங்கேஸ்வரி போனதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் படையல் அவர் பொறுப்பு. சோறு, சாம்பார், வாழைக்காய், பாயசம், ஐந்து உளுந்த வடை, வாழைப்பழம். மாதா மாதம் அவளுக்குப் பிடித்தது என்று ஒன்றிரண்டு கூடச் சேரும். இந்த மாதம் பூரி. "வள்ளி, தங்கேஸ்வரி கனவுல வந்து பூரி கேட்டா. பாவம், நாக்கு ருசி விடல அவளுக்கு."

போட்டோ முன்னால் இலை போட்டு, சூடம் காட்டி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். போனவள் வந்து சாப்பிட ஐந்து நிமிஷம். கீர்த்தனா கதவில் காது வைத்தாள். "சத்தம் போடாதட்டி. அம்மா சாப்பிடுதா. அவ சாப்பிட்ட பொறவுதான் நமக்கு" என்றார் மதினி.

மூன்று தடவை தட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்கள். கீர்த்தனா முதல் ஆளாக ஓடி இலை முன்னால் நின்றாள். உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு பால் மட்டும் குடித்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஏப்ரல் 11, வியாழன்

பூரி சுட்டேன். தொடவில்லை. எண்ணெய் காய்ந்தது போதவில்லையோ என்னவோ.

ஏப்ரல் 15, திங்கள்

மறுபடியும் பூரி. மறுபடியும் தள்ளினாள். பட்டியல் ஐந்தாகிவிட்டது. டாக்டர் கூட்டச் சொன்னார், நான் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 27, சனி

இன்று எழுதக் கை துள்ளுகிறது. மரவள்ளிக்கிழங்கை அவித்து, சர்க்கரை தொட்டு நான்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளைப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு துண்டு எடுத்தாள். மோந்தாள். நக்கினாள். கடித்தாள். பிறகு இன்னொன்று.

போன வாரம் மக்காச்சோளம். முந்தாநாள் தோசை மாவில் சுரைக்காய் துருவிப் போட்டது. ஆக மூன்று புதுசு. எடை பதினாலு நானூறு. டாக்டர் "சபாஷ்மா" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் சபாஷ் சொன்னதில்லை.

மே 6, திங்கள்

நாளைக்கு அமாவாசை. இந்த முறை நானே சமைக்கிறேன் என்று மதினியிடம் சொன்னேன். தங்கேஸ்வரி இடத்துக்கு வந்திருக்கிறேன், அவளுக்கு ஒரு வேளை நல்லபடியாகச் செய்துபோட வேண்டாமா? இது நிஜமான காரணம். நான் செய்வதை நாலு பேர் பார்க்கட்டும் என்பதும் நிஜம்தான்.

சாயங்காலம் இவரிடம் அவளுக்கு என்னென்ன பிடிக்கும் என்று கேட்டேன். இந்த மனிதர் ஒரு மணி நேரம் பேசினார்! தோசைக்கு எண்ணெய் குழைத்த இட்லிப்பொடி. தயிர்சாதத்தில் மாதுளை முத்து. உருளைக்கிழங்கைக் கருகக் கருக வறுப்பாளாம். மழை பெய்தால் மரவள்ளிக்கிழங்கு வேண்டும் என்று அடம் பிடிப்பாளாம். சொல்லும்போது அவர் முகம் வேறு யாரோ ஒருவருடைய முகமாக இருந்தது. எனக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியுமா என்று யோசித்தேன். யோசித்துவிட்டுப் பட்டியலை எழுதினேன்.

மே 7, செவ்வாய். அமாவாசை

பதினாலு வகை. இலையில் இடம் போதாமல் பக்கத்தில் இன்னொரு இலை போட்டேன். சோறு, குழம்பு, வடை, பாயசத்தோடு தோசை, பூரி, தயிர்சாதம், உருளை வறுவல், மரவள்ளி, சோளம் எல்லாம். "கூடப் பிறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா" என்று மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கீர்த்தனா இரண்டு இலையையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

மே 8, புதன்

பால். மூன்று பிஸ்கட்.

மே 9, வியாழன்

பால். இரண்டு பிஸ்கட். தோசையைத் தள்ளினாள். தயிர்சாதத்தைத் தள்ளினாள்.

மே 13, திங்கள்

மரவள்ளிக்கிழங்கைக் காட்டினேன். தலையை ஆட்டினாள். எடை பதிமூன்று அறுநூறு. ஜூன் பதினைந்துக்குள் பதினாலைத் தாண்டாவிட்டால் சேர்த்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். இந்த முறை சபாஷ் இல்லை.

தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "முகம் கொடுத்துப் பேசினா பிள்ளை சாப்பிடாதா?" என்றாள். என்னிடம் இல்லை, பக்கத்தில் இருந்தவளிடம். குடம் நிறையும் முன்னே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுகை.

மே 15, புதன்

நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். ஏப்ரல் எட்டு, இலையில் பூரி. ஏப்ரல் பதினொன்று, பூரி வேண்டாம். மே ஏழு, இலையில் தோசை, தயிர்சாதம், உருளை, மரவள்ளி, சோளம். மே எட்டிலிருந்து பாலும் பிஸ்கட்டும் தவிர ஒன்றுமே வேண்டாம். கடலைமிட்டாய் எப்போதாவது படையலில் வைத்தீர்களா என்று மதினியிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "முதல் அமாவாசைக்கே வச்சோமே, ஏன்?" என்றார்.

வீட்டுக்கு வந்து கீர்த்தனா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மாவுக்கு வச்சதையெல்லாம் நீ சாப்பிடமாட்டியா கீர்த்து?"

"அம்மா சாப்பிடல."

"சாப்பிட்டாங்கல்லா? கதவைச் சாத்தினோமே."

"அஞ்சு வடை வச்சீங்க. அஞ்சு இருந்துச்சு. எல்லாத் தடவையும் அஞ்சு இருந்துச்சு."

"காக்காய்க்கு வச்சோம்ல, அது கொத்திட்டுப் போச்சே. அம்மாதான் அது."

என்னை இரக்கமாகப் பார்த்தாள். "அது காக்கா" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். "அம்மா சாப்பிட்ட பொறவுதான் நாம. அம்மா இன்னும் சாப்பிடல."

ஒன்றே கால் வருஷமாக இந்தப் பிள்ளை அம்மாவுக்காகக் காத்திருக்கிறது. இலையில் ஒன்று கூடக் கூட, அவள் தட்டில் ஒன்று குறைந்திருக்கிறது. மிச்சம் இருந்த ஐந்தையும் பொறுக்கி எடுத்து இலையில் கொண்டுபோய் வைத்தவள் நான்.

மே 16, வியாழன்

இவரிடம் சொன்னேன். "செத்துப் போச்சுன்னு அவகிட்ட யாரும் சொல்லல வள்ளி. சாமிகிட்ட போயிருக்கா, அமாவாசைக்கு வருவான்னுதான் சொல்லி வச்சிருக்கோம்" என்றார்.

"இப்ப நீங்க சொல்லுங்க."

"என்னால முடியாது."

நான் சொல்லலாம். ஆனால் உன் அம்மா இனி வரமாட்டாள் என்பதை அந்த இடத்துக்கு வந்தவள் எந்த வாயால் சொல்வது? கேட்கிற பிள்ளைக்கு அது எப்படி விழும்?

மே 24, வெள்ளி

இலையில் ஏறாததாகத் தேடித் தேடிச் செய்கிறேன். சப்பாத்தி, கேழ்வரகுக் கூழ், சேமியா. ஒவ்வொன்றுக்கும் "இதை அம்மாவுக்கு வச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைக்கிறாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

ஜூன் 5, புதன்

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. இவரிடம் சொன்னேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

ஜூன் 6, வியாழன். அமாவாசை

சூடம் காட்டியானதும் எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். கொல்லை அடுப்பில் பால் இருக்கிறது, அணைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சந்து வழியாகச் சுற்றிப் புறவாசல் கதவைத் திறந்து உள்ளே போனேன்.

தங்கேஸ்வரி போட்டோவிலிருந்து பார்த்தாள். மன்னிச்சுக்கோ என்றேன். அவள் இலையில் கை வைத்தேன். இரண்டு வடை. பாதிச் சோறு. கத்திரிக்காய் ஒரு கை. தோசையில் பாதி. வாழைப்பழத்தை உரித்துத் தின்று தோலை இலையிலேயே வைத்தேன். தண்ணீரை ஊற்றி ஊற்றி விழுங்கினேன். திருடி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, பிள்ளைக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே வாசலுக்கு ஓடினேன். கதவு திறந்தது. கீர்த்தனா எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"அத்தை! மூணு வடைதான் இருக்கு! அம்மா வந்துட்டுப் போயிட்டாங்க! பழம் உரிச்சிருக்கு பாருங்க!" என்று மதினியைப் பார்த்துக் கத்தினாள்.

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. தங்குதங்கென்று குதித்தாள். மதினி முகம் வெளிறி, "தாயே" என்று தரையில் விழுந்து கும்பிட்டார். இவர் புறவாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீர்த்தனா சாப்பிட்டது: வடை மூன்று. சோறு, சாம்பார், கத்திரிக்காய், பாயசம். வாழைப்பழம் ஒன்று.

ஜூன் 7, வெள்ளி

எல்லாம். இட்லி, சட்னி, எல்லாம்!

ஜூன் 11, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கு டப்பாவில் புளியோதரை. காலியாக வந்தது.

ஜூன் 14, வெள்ளி

எடை பதினாலு முந்நூறு. டாக்டர் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பொறுமையாக வைத்துக்கொண்டே இருந்தேன் என்றேன். குழாயடியில் மதினி எல்லாரிடமும், "வள்ளி கை ராசி, போனவளே வந்து சாப்பிட்டுட்டுப் போறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சந்தோஷமாக இருந்தது என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

ஜூன் 19, புதன்

இன்று பாகற்காய்! முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுசையும் தின்றாள். இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டினாள். அடுத்த அமாவாசை என்றைக்கு என்று கேட்டாள். காலண்டரில் காட்டினேன். பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 23, ஞாயிறு

மதியம் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். சாயங்காலம் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "போதும்டி" என்றேன். "இல்ல, சாப்பிடணும்" என்றாள். வெயில் சூடு, பித்தமாக இருக்கும். சீரகத் தண்ணீர் கொடுத்தேன்.

ஜூன் 27, வியாழன்

தலை பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா வந்தாங்கல்லா?"

"ம்."

"நான் வெளியதான நின்னேன். ஏன் என்னைப் பார்க்காம போனாங்க?"

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது.

"நான் சாப்பிடாம இருந்தேன்னு கோவமா? இப்ப எல்லாம் சாப்பிடுதேன். பாகக்காகூடச் சாப்பிடுதேன். வாந்தி வந்தாலும் சாப்பிடுதேன். அடுத்த தடவ பார்ப்பாங்கல்லா?"

ரிப்பன் கட்டினேன். அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். என்ன செய்து வைத்திருக்கிறேன் நான்! வரமாட்டாள் என்று சொல்ல வாயில்லாமல், வந்தாள் என்று காட்டினேன். வராத அம்மாவையாவது அவள் பொறுத்துக்கொண்டாள். வந்தும் பார்க்காமல் போன அம்மாவை எப்படிப் பொறுப்பாள்?

ஜூலை 4, வியாழன்

இவரிடம், நாளைக்குப் படையலுக்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடலாம் என்றேன். "படையல் முடியட்டும்" என்றார். முடியட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு பேருமே பயந்தாங்கொள்ளிகள்.

ஜூலை 5, வெள்ளி. அமாவாசை

பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றாள். பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பாவாடையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். பவுடர் பூசினாள். சூடம் காட்டியானதும் எல்லாரும் வெளியே கிளம்ப, அவள் மட்டும் இலைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஏட்டி, ஆள் இருந்தா அம்மா வரமாட்டா. எந்தி" என்றார் மதினி.

"நான் ஆள் இல்ல. நான் கீர்த்து."

இவர் அக்காவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். நானும் இருக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கதவைச் சாத்தினோம்.

ஐந்து நிமிஷம். பத்து. மதினி தட்டப் போனார், இவர் தடுத்தார். இருபது. உள்ளே சத்தமே இல்லை. அரை மணி ஆனதும் எனக்குப் பொறுக்கவில்லை. சந்து வழியாக ஓடிப் புறவாசல் கதவைத் திறந்தேன்.

கதவு கிறீச்சிட்டதும் துள்ளி எழுந்து திரும்பினாள். அந்த முகத்தைக் கண்டவள் நான் ஒருத்திதான். ஒரு நொடி. பிறகு வந்திருப்பது நான் என்று தெரிந்தது.

கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள்.

"போன தடவையும் இந்த வழியாத்தான் வந்தீங்களா?"

பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. "ஆமா" என்றேன்.

"ரெண்டு வடையும் நீங்கதானா?"

"ஆமா கண்ணு."

"பழம்?"

"நான்தான்."

"அம்மா வரவே இல்லையா?"

அவள் முன்னால் உட்கார்ந்தேன். "வரல. அம்மா செத்துப் போயிட்டாங்க கீர்த்து. செத்தவங்க வரமாட்டாங்க. உன்மேல கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வர முடிஞ்சா ஓடி வந்திருப்பாங்க. உன்னைப் பார்க்காமப் போயிருக்கவே மாட்டாங்க. அவங்களால முடியாது. பசிக்கவும் பசிக்காது."

"இனிமேலும் பசிக்காதா?"

"பசிக்காது."

அழுவாள் என்று கையை நீட்டினேன். கையை அவள் பார்க்கவே இல்லை. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பசிக்குது" என்றாள்.

இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சோற்றில் சாம்பாரைப் பிசைந்தாள். சாப்பிட ஆரம்பித்தாள். கத்திரிக்காய், வாழைக்காய், கீரை. ஐந்து வடையையும் ஒன்று இரண்டு என்று எண்ணாமல் எடுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிச் சோற்றில் விழுந்தது. துடைக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. நான் ஊட்டட்டுமா என்றதற்கு, வேண்டாம் என்றாள்.

இந்தப் பிள்ளை இப்படி உட்கார்ந்து ஒரு வேளை வயிறாரச் சாப்பிடாதா என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏங்கியிருக்கிறேன். இன்று சாப்பிட்டாள். என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.